தொண்டைச் சுருதி

நாவற்குடா நல்லரத்தினம் மின்சார சபையில் கம்பம் ஏறுகிறவர். கம்பி கீறிய தழும்பு எப்போதும் கையில் இருக்கும். அந்தக் கையோடுதான் கிற்றாரும் வாசித்தார். பிரமாதமாக வாசித்தார் என்று சொல்ல முடியாது, பிழையில்லாமல் வாசித்தார். குழுவில் அவருடைய உண்மையான வேலை வேறு. மைக், அம்பிளிபயர், வயர், பியூஸ் எல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் சத்தம் நின்றால் மற்றவர்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

குழுவின் பெயர் ‘திருக்கைகள்’. எழுபதுகளில் மூலைக்கு மூலை பொப் குழுக்கள் முளைத்தன. எல்லாவற்றுக்கும் இங்கிலீசுப் பெயர். வாவி மீனின் பெயரை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று வைத்தார்கள். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஒருவரைப் பிடித்து ட்றம்ஸின் முன்தோலில் திருக்கை ஒன்று வரைவித்தார்கள். அது சுளகு மாதிரி வந்தது. அதற்குப் பிறகு மட்டக்களப்பில் பாதிப்பேருக்கு அவர்கள் ‘சுளகுக் கோஷ்டி’.

ட்றம்ஸ் அடித்தவர் டச்பார் ரொட்னி, பறங்கியர். பேஸ் கிற்றார் செட்டிபாளையம் கோணாமலை. பாடியவர் இராசதுரை. கொழும்புக்குப் போய் இரண்டு கசெற் செய்தார்கள். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு இராசதுரை கனடா போனார். மற்றவர்கள் கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம். அதில் குழுவின் ஓர்கன் எரிந்தது. அடுத்த வருடம் காத்தான்குடியிலிருந்து ஒரு பாடகரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பதியுதீன் புடவைக்கடைக்காரர். அந்தக் கடையில் வயர் கருகியபோது பார்க்கப் போனவர் நல்லரத்தினம். ஏணியில் நின்றபடிதான் அந்தக் குரலைக் கேட்டார். துணியை அளந்து, நுனியில் கத்தரி வைத்து, இரண்டு கையாலும் கிழிக்கும்போது அந்தக் கிழிபடும் சத்தத்தோடு சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தார் பதியுதீன். வாடிக்கையாளருக்கு அது பழகியிருந்தது. நல்லரத்தினம் ஏணியால் இறங்கி, வயரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “பாட வாறீங்களா?” என்றார்.

பதியுதீன் கடைவாசலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “வாப்பா ஹாஜியார். பாட்டு எண்டாலே வீட்ட விட்டுத் தொரத்திருவாரு.”

“அப்ப வரமாட்டீங்க.”

“வரமாட்டன் எண்டு ஆர் சொன்ன? சரக்கு எடுக்கப் போறன் எண்டு வாறன்.”

அப்படித்தான் வந்தார். அவர் பாடுவது ஊருக்கே தெரியும். வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாத மாதிரி எல்லோரும் நடந்துகொண்டார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. மனைவி ஹஸீனா ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் ஒருநாளும் சொல்லவில்லை.

ஓர்கன் எரிந்த பிறகு குழுவில் சுருதி நிலையாக நிற்கும் பொருள் எதுவும் இல்லை. ஹார்மோனியம் ஒன்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பதியுதீனின் தொண்டையே போதும் என்று பழகிவிட்டது. அவர் வந்து, ஒரு பிளேன்ரீ குடித்து, செருமி, ‘ஆ’ என்று ஒன்றைப் பிடிப்பார். அது எங்கே நிற்கிறதோ அங்கே மற்றவர்கள் நரம்பை முறுக்குவார்கள். ஒருநாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது.

“இண்டைக்கு என்ன விலை முதலாளி?” என்பார் ரொட்னி.

“தடிமன், மூக்கடைச்சிரிக்கு. மலிவா விட்டுத்தாறன், எடுத்துக்கொண்டு போங்க.”

நாலு வருடம் ஊர்களில் பாடினார். ஒரு பாட்டுக்கூடப் பதியவில்லை. தொண்ணூறு மார்ச்சில் இந்திய இராணுவம் போனது. கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. பதியுதீனுக்குச் சவூதியில் வேலை சரிவந்திருந்தது. ரொட்னி கொழும்பில் அக்கா வீட்டோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். இனிக் கசெற் ஒன்று செய்தால் அதுதான் கடைசி என்பது நால்வருக்கும் தெரியும். அதை வாயால் சொன்னவர் பதியுதீன்தான்.

“ஒண்டு செய்வம் மச்சான். போற எடத்துல போட்டுக் கேக்கவாவது ஒண்டு வேணும்.”

வாவிக்கரையில் அசனார் முதலாளியின் ஐஸ்பெக்டரி மூடிக்கிடந்தது. அதில் ஐஸ்கட்டி அடுக்கி வைக்கும் அறை ஒன்று. குளிர் வெளியே போகாமல் இருக்க இரட்டைச் சுவர் கட்டி, நடுவில் உமி அடைத்திருந்தார்கள். கதவு ஒரு முழத் தடிப்பு. உள்ளே கைதட்டினால் எதிரொலி வராது. நல்லரத்தினம் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அதோடு இடம் முடிவானது.

கொழும்பில் கழித்துவிட்ட பெரிய ரீல் ரெக்கோடர் ஒன்றை அவர் முன்னமே வாங்கித் திருத்தி வைத்திருந்தார். மைக் ஒன்றுதான். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிய வசதியில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும்; ஒருவர் பிழைவிட்டால் எல்லோரும் திருப்பி வாசிக்க வேண்டும். பதியுதீனை மைக்குக்குக் கிட்ட நிறுத்தினார். கோணாமலையை மூலைக்கு அனுப்பினார். ரொட்னியைச் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போட்டார்.

“நான் என்ன கடத்தல் சாமானா?” என்றார் ரொட்னி.

“நீ அடிக்கிற அடிக்கு மூட்ட காணாது. வாவிக்கு அங்கால வெச்சிரிக்கணும்,” என்றார் கோணாமலை.

ஊர்க் கரண்டை நம்பிப் பதிய முடியாது. பாட்டின் நடுவில் போய்விடும். பின்கொட்டிலில் முதலாளியின் பழைய ஜெனரேற்றர் இருந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றிக் கிளப்புவது கோணாமலையின் வேலை. முதல்நாள் பல்ப் மங்கலாக எரிந்தது. நல்லரத்தினம் மீற்றரை வைத்துப் பார்த்தார், வோல்ற் குறைவு. ஒரு ட்ரான்ஸ்போமரைக் குறுக்கே போட்டுச் சரியாக்கினார். பல்ப் வெளிச்சமாக எரிந்தது. அவர் திருப்திப்பட்டார். வோல்ற் ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. கம்பம் ஏறும் ஆளுக்கு வோல்ற் குறைவது தினமும் பார்க்கிற சங்கதி.

ஏப்ரலிலும் மேயிலுமாகப் பாட்டுகள் சேர்ந்தன. பதிந்ததை அங்கேயே போட்டுக் கேட்பார்கள். நன்றாக இருந்தது. பதியுதீனின் குரல் கனத்த குரல் இல்லை. நடுவில் நிற்கும், மேலே போகும்போது லேசாகப் பிசிறும். அந்தப் பிசிறைக் கேட்கும்போதெல்லாம் நல்லரத்தினம் தலையைக் குனிந்துகொள்வார். சிரிப்பை மறைக்க.

ஜூன் மாதம் கடைசிப் பாட்டு. அன்று பதியுதீனுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பாடினார். உமிச்சுவருக்குள் நேரம் தெரியாது. முடித்துக் கதவைத் தள்ளியபோது வெளியே சனம் ஓடிக்கொண்டிருந்தது. நகரப்பக்கம் வெடிச்சத்தம். பொலிஸ் நிலையங்களை இயக்கப் பொடியன்கள் பிடித்துவிட்டார்களாம், சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டதாம். அவர்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்த நேரத்தில் ஊர் கடையெல்லாம் அடைத்து முடிந்திருந்தது.

பதியுதீன் சைக்கிளை எடுத்தார். “அடங்கினாப் பொறகு கடைசிய மட்டும் திருப்பிப் பாடுவம்.”

“அது சரியாத்தான் இரிக்கு,” என்றார் நல்லரத்தினம்.

“ஒனக்கு எல்லாம் சரிதான். நான் திருப்பிப் பாடுவன்.”

காத்தான்குடிப் பக்கம் மிதித்துப் போனார்.

ஜூலையில் துணி ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்று கல்முனை றோட்டில் காணாமல் போனது. மறித்தவர்கள் தமிழ்ப் பொடியன்கள் என்று மட்டும் றோட்டோரத்தில் கண்டவர்கள் சொன்னார்கள். லொறியில் போனவர்களில் பதியுதீனும் ஒருவர். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றது உலகத்துக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாவற்குடாவுக்கும் காத்தான்குடிக்கும் இடையில் சைக்கிளில் ஒரு சிகரெட் குடிக்கும் தூரம் என்பது பழங்கதையாகப் போயிற்று. தமிழ் ஊர்களிலும் சுற்றிவளைப்பு, ஆள்பிடிப்பு, எரிந்த கூரை. ஐஸ்பெக்டரியில் ஜெனரேற்றரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரெக்கோடரும் நாடாக்களும் நல்லரத்தினத்தின் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தன.

மின்சாரம் திரும்பி வர மாதக்கணக்கானது. அதைக் கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். கீழே ஆமிக்காரன் துவக்கோடு நிற்க, மேலே இவர் கம்பி இழுத்தார். தன் வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்று ரெக்கோடரை வெளியே எடுத்தார். ரொட்னி பயணம் சொல்ல வந்திருந்தார். இரண்டு பேருமாக நாடாவைப் போட்டார்கள்.

குரல் வந்ததும் ரொட்னி சிரித்துவிட்டார். அவசரமான, மெலிந்த குரல். மீசை அரும்பாத பையன் ஒருவன் கல்யாண வீட்டில் மைக்கைப் பறித்துப் பாடுகிற மாதிரி. ட்றம்ஸும் ஓடியது.

“என்னடா இது, சுண்டெலி மாதிரி...” ரொட்னி நிறுத்தினார். நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பிப் போனார்.

நல்லரத்தினத்துக்கு உடனே விளங்கியது. அந்த வாரமே செட்டிபாளையம் போனார். கோணாமலை வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஜெனரேற்றர வேகம் குறைச்சியா?”

“எண்ண எங்க மச்சான் இரிந்திச்சு? குறைக்காட்டி ரெண்டு பாட்டோட படுத்திரிக்கும். வேகம் கூட்டிக் குறைக்கிற கைபிடியக் கம்பியால கட்டி வெச்சன்.”

“எல்லா நாளுமா?”

“ஒரே கட்டுத்தான். அவுக்கவேயில்ல. ஏன்?”

“எவ்வளவு குறைச்ச?”

“எனக்கென்ன தெரியும்! எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழுற அளவுக்கு. ஏன், என்ன நடந்த?”

கோணாமலை மேல் பிழையில்லை. மெதுவாக ஓடும் ஜெனரேற்றர் ரெக்கோடரின் மோட்டாரையும் மெதுவாகச் சுழற்றும். ட்ரான்ஸ்போமர் பல்பைத்தான் சரியாக்கும், மோட்டாரின் வேகத்தை அல்ல. அங்கேயே போட்டுக் கேட்டபோது பதிந்ததும் மெது, கேட்டதும் மெது, குறை தெரியவில்லை. ஊர்க் கரண்டில் போட்டால் எல்லாம் ஓடுகிறது. எவ்வளவு ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, நாடாவில் சுருதி நிச்சயமான ஒரு பொருள் வேண்டும். ஓர்கன் இருந்திருந்தால் போதும். தொண்டையை வைத்துச் சேர்த்த நரம்புகள் தொண்டை சொன்னதையே திருப்பிச் சொல்லும். அந்தத் தொண்டை இப்போது இல்லை.

வழி ஒன்று இருந்தது. நாடாவை இழுப்பது மோட்டாரின் நுனியில் உள்ள சின்னப் பித்தளை உருளை. அதைத் தேய்த்து மெலிதாக்கினால் நாடா மெதுவாக ஓடும். தேய்த்தது தேய்த்ததுதான். மேலே ஏதாவது ஒட்டித் தடிப்பாக்கினால் குரல் வெறிகாரன் மாதிரித் தள்ளாடும். இன்னொரு உருளை இந்த நாட்டில் கிடைக்காது. ஆகவே சரியான இடத்தில் நிறுத்த வேண்டும்.

அவர் தேய்க்கவில்லை. முதலில் பெருவிரலால் நாடாச் சக்கரத்தை லேசாக அழுத்தி, மெதுவாக்கிக் கேட்டுப் பார்த்தார். இதுதானா, இதற்குக் கொஞ்சம் கீழேயா. வேலை முடிந்து வந்து தினமும் கேட்டார். கேட்கக் கேட்க, காதில் இருந்த பழைய குரல் அழிந்துகொண்டு வந்தது. இன்றைக்கு எங்கே அழுத்தினாரோ அதுவே நாளைக்குப் பதியுதீனாக இருந்தது. அது விளங்கிய அன்று ரெக்கோடரை மூடி, திரும்பவும் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

அடுத்த வருடம் வாழைக்குலையும் சீமெந்தும் இரண்டு பக்கமும் மெல்லப் போய்வரத் தொடங்கின. ஒருநாள் மின்சார சபை வாசலில் ஹலீம் வந்து நின்றார். பதியுதீனின் மைத்துனர், ஹஸீனாவின் தம்பி.

“தாத்தா இப்பதான் இத்தா இரிக்கா,” என்று அக்காவைப் பற்றிச் சொன்னார். உடல் கிடைக்காததால் ஹஸீனா இவ்வளவு நாளும் புருசன் மௌத்து என்று ஒப்புக்கொள்ளவில்லை. இத்தா என்று விதவை இருக்க வேண்டிய அந்த மறைவிலும் இருக்கவில்லை. லொறியில் போய்த் தப்பிய ஒருவன் இப்போதுதான் வாய் திறந்து, கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறான். “போட்டோ இரிக்கு. சத்தம் இல்லயாம். ஒங்கள்ட்ட இரிக்காமே. அவ கேக்கணுமாம்.”

“அது சரியில்லாம இரிக்கு.”

“சரியாக்கிக் கொண்டாங்க.”

“எது சரியெண்டு எனக்குத் தெரியா. அவவுக்குத்தான் தெரியும்.”

ரெக்கோடரை அங்கே கொண்டுபோய் ஹஸீனா கேட்கக் கேட்கச் சரியாக்குவது என்று முடிவாயிற்று. நல்லரத்தினத்தின் மனைவி இரத்தினம்மா வாசலை மறித்து நின்றார். “பொடியனுகள் கண்டா ஆமிக்குச் சொல்லப் போனவன் எம்பானுகள். அங்க கண்டா கொலகாரன்ட ஆள் எம்பானுகள். ரெண்டுக்கும் நடுவில ஒரு பாட்டுப் பெட்டியக் காவிக்கொண்டு போறீங்க.” நல்லரத்தினம் ரெக்கோடரையும் நாடாக்களையும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். “அவன்ட குரல அவன்ட பொஞ்சாதிக்குக் குடுக்கணும்,” என்றார்.

சோதனைச் சாவடிக்கு அப்பால் ஹலீம் காத்திருந்தார். சந்தியில் நின்ற ஒருவர் கேட்டார், “இவன் என்னத்துக்குகா வாறான்?”

“கரண்ட் பாக்க,” என்றார் ஹலீம்.

“நம்மட கரண்ட நாம பாப்பம்.”

ஹலீம் வேகமாக நடந்தார்.

வீட்டில் பதியுதீனின் தாய் சபீனா முன்னறையில் இருந்தார். உள்ளறைக் கதவு பாதி திறந்து, தடித்த திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் ஹஸீனா. இத்தாவில் இருப்பவர் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. குரலும் தேவைக்குத்தான்.

நல்லரத்தினம் நடந்ததைச் சொன்னார். எண்ணெய் இல்லாதது, மோட்டார், உருளை. “நான் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ப்பன். ஒவ்வொருக்காவும் போடுவன். எது அவர்ட குரலெண்டு நீங்க சொல்லணும். கூடத் தேய்ச்சா மேல ஏத்தேலா. அதால அவசரப்படாம சொல்லுங்க.”

திரைக்குப் பின்னால் முணுமுணுப்புக் கேட்டது. “விளங்கிச்சாம்,” என்றார் சபீனா.

அவர் எடுத்தது கடைசிப் பாட்டின் நாடா. அதில் பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் பேச்சு இருந்தது. அன்று நாடாவை முந்தியே ஓடவிட்டிருந்தார். மோட்டாரைச் சுழலவிட்டு, சுற்றும் உருளையில் எமரித் தாளைப் பிடித்தார். தாளில் பொன்நிறத் தூசி. நாடாவைப் பூட்டிப் போட்டார். பையன் கொஞ்சம் வளர்ந்திருந்தான். திரும்பத் தேய்த்தார். திரும்பப் போட்டார்.

மூன்றாம்முறையோ நான்காம்முறையோ சபீனா நெஞ்சில் கையை வைத்தார். “இதான். இதான் என்ட மவன். அல்லாஹ்வே, இதான். இதோட விடுங்க மகன்.”

குரல் இன்னும் இளசாக இருந்தது. இருபது வயதுப் பதியுதீன் இப்படி இருந்திருக்கலாம். அந்தப் பதியுதீனை நல்லரத்தினத்துக்குத் தெரியாது. அவர் திரையைப் பார்த்தார்.

“இல்ல,” என்றது உள்ளிருந்து. “இன்னும்.”

“உம்மா சொல்றாவே...”

“இல்லண்ணன். இன்னும்.”

தேய்த்தார். போட்டார். பாட்டு மேலே ஏறும் இடத்தில் அந்தப் பிசிறு வந்தது. நல்லரத்தினத்தின் தலை தானாகக் குனிந்தது. பெருவிரலால் அழுத்திக் கேட்ட நாட்களில் இது ஒருநாளும் வரவில்லை. உமிச்சுவர் அறை, சாக்கு மூட்டை, தடிமன் பிடித்த மூக்கு, எல்லாம் அந்த இடத்தில் நின்றன. காது சொன்னதையல்ல, கழுத்து சொன்னதை நம்பினார். இதுதான்.

அவர் வாய் திறப்பதற்குள் ஹஸீனா சொன்னார். “கிட்ட வந்திட்டுது. இன்னுங் கொஞ்சம்.”

தாள் விரலிடுக்கில் இருந்தது. அவர் எழும்பவுமில்லை, குனியவுமில்லை.

“தங்கச்சி, எனக்கு இதுதான் மாதிரி இரிக்கு.”

“நீங்க பாட்டக் கேக்கிறீங்க.” இப்போது தாயின் ஊடாக அல்ல, நேராகவே பேசினார். “அவர் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்ல. எனக்கு அது தெரியா. பாட்டுக்கு முன்னுக்கு ஒரு பேச்சு வருதே, ‘எண்ண காணுமா, சுருக்காச் செய்வம், வீட்ட தேடுவாக’ எண்டு. நான் அதத்தான் கேக்கிறன். வீட்ட வந்து செருப்பக் கழட்டிக்கிட்டு அவர் பேசுற பேச்சு அது. அது இன்னும் வரல்ல.”

சபீனா திரைப்பக்கம் திரும்பி, “புள்ள, அவருக்குத் தெரியாதா, கூடப் பாடின மனிசன்,” என்றார். ஹலீம் ஜன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கசெற் ஒன்றில் இந்த வேகத்திலேயே முதலில் தனக்கென்று பதிந்து வைத்திருக்கலாம். கொண்டு வந்தது ஒரே ஒரு வெற்றுக் கசெற், அது ஹஸீனாவுக்கு. இன்னொன்று வாங்கி வரலாமா என்று கேட்டிருக்கலாம். வீதியில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்று எழும்பியிருக்கலாம். பிறகு என்பதை அந்த வருடங்களில் யாரும் நம்பவில்லை.

எமரித் தாளைப் புதுப்பக்கம் மடித்தார். உருளையில் வைத்தார். அழுத்தினார்.

போட்டபோது பாட்டு தளர்ந்திருந்தது. ட்றம்ஸ் சேற்றில் நடந்தது. அவருடைய கிற்றார் நரம்புகள் தொய்ந்து கேட்டன. பிசிறு இருந்த இடத்தில் ஒரு களைத்த மனிதன் மூச்சு வாங்கினான்.

“பேச்சை இன்னொருக்காப் போடுங்க,” என்றார் ஹஸீனா.

போட்டார். எண்ண காணுமா. சுருக்காச் செய்வம். வீட்ட தேடுவாக.

திரைக்குப் பின்னால் யாரோ நிலத்தில் இருக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “இதுதான் அண்ணன். இதோட விடுங்க.”

நல்லரத்தினம் அந்த வீட்டுக் கசெற் ரெக்கோடரை வயரால் இணைத்து, எல்லாப் பாட்டையும் அந்த வேகத்தில் கசெற்றில் ஏற்றினார். சபீனா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். ஆறிப்போனது. கசெற்றைச் சபீனாவின் கையில் கொடுத்தார். அவர் அதைத் திரைக்கு உள்ளே நீட்டினார். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

ஹலீம் சந்தி வரை கூட வந்தார். அதற்கு அப்பால் வரவில்லை.

‘திருக்கைகள்’ குழுவின் கடைசிக் கசெற் கடைக்குப் போகவில்லை. உலகத்தில் ஒரே பிரதி. அதற்குப் பிறகு நல்லரத்தினம் நீண்டகாலம் கம்பம் ஏறினார், கிற்றாரைத் தொடவில்லை. ரொட்னியிடமிருந்து இரண்டொரு கடிதம் வந்தது. கோணாமலை ஒருநாள் வாவிக்குப் போய்த் திரும்பவில்லை.

ரெக்கோடரை ஒரேயொரு முறை மீண்டும் எடுத்து, அந்தத் தேய்ந்த உருளையில் நாடாவைப் போட்டார். அடுப்படியில் வேலையாக இருந்த இரத்தினம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஈரக்கையோடு அறைவாசலுக்கு வந்தார். பதியுதீனுக்கு எத்தனையோ தரம் சோறு போட்டவர்.

“ஆர்ர குரல் இது?”

நல்லரத்தினம் நாடாவை நிறுத்தினார்.

“ஹஸீனாட புருசன்ட,” என்றார்.